கடைசியாகக் கை வைத்தவர்

கிளி என்று பெயர் வைத்தது அவள்தான். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ‘கிளி’ என்று கட்டளை அடித்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். அது நிரல் கோப்புகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, எழுதினவர்கள் ஆங்காங்கே கிறுக்கி வைத்த குறிப்புகளைப் பொறுக்கி எடுத்து, தலைப்புப் போட்டு, பொருளடக்கம் போட்டு, மனிதர் வாசிக்கும்படியான பக்கங்களாக அடுக்கிக் கொடுத்துவிடும். பொத்தான் கிடையாது, மினுக்கல் கிடையாது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அந்த அலுவலகத்தில் டாக்குமென்ட் எழுதுவது யாருடைய வேலையும் இல்லை. நிரல் எழுதுகிறவனிடம் போய் விளக்கம் எழுது என்பது பூனையைக் குளிக்கக் கூப்பிடுவது போல. அதனால் தன் சொந்த வேலைக்கு நடுவே, கிடைத்த நேரத்தில், இந்தக் கிளியை வளர்த்துவிட்டாள். அவளுடைய சொந்த வேலை வேறு. குளிர்பதனக் கிடங்குகளைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் அவர்களுடையது. அதில் அலாரம் அவளுடையது. உள்ளே வெப்பம் ஏறினால், கதவைத் திறந்ததால் ஏறியதா, இயந்திரம் கெட்டதால் ஏறியதா என்று கண்டுபிடித்து, கெட்டால் மட்டும் மணி அடிக்க வேண்டும். முன்பெல்லாம் யார் கதவைத் திறந்தாலும் மணி அடிக்கும். காவல்காரர்கள் வெறுத்துப்போய் மணியையே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அவள் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கிடங்குக்குள்ளேயே போய் நின்று, ஆட்கள் கதவை எப்படித் திறக்கிறார்கள், எப்படி மறந்துபோகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதினாள். அதன்பிறகு எந்தக் காவல்காரரும் மணியைப் பிடுங்கவில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

கிளி போடும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி வரும்: ‘சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியவர்’, பிறகு ஒரு பெயர். அந்தப் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பார்த்து, அந்தக் கோப்பில் அதிக வரிகளில் கடைசியாகக் கை வைத்தவர் யாரோ, அவர் பெயரைக் கிளி போடும். எழுதினவன் மறந்துவிடுவான், கடைசியாகத் தொட்டவனுக்குத்தான் நினைவிருக்கும் என்பது அவளுடைய கணக்கு. நல்ல கணக்குத்தான், அவள் புருஷன் சீப்பை எடுக்கிற வரைக்கும்.

புருஷனுக்கும் அதே அலுவலகம், அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் இருக்கை. அங்கே அவன் பெயரே சீப்பு. தலைமுடிக்காக வந்த பெயர் இல்லை. நிரலில் சிலர் வரியை ஓரத்திலிருந்து டேப் விசை தட்டித் தள்ளி எழுதுவார்கள், சிலர் ஸ்பேஸ் விசை தட்டித் தள்ளுவார்கள். இரண்டும் கலந்து கிடந்தால் கம்ப்யூட்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. சீப்புக்குத்தான் உடம்பு எரியும். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாரிவிடுவான். மோசமான வேலைக்காரன் என்று சொல்ல முடியாது. எழுதியது கொஞ்சம், வாரியது நிறைய.

ஒரு நீண்ட விடுமுறையில், யாரும் வேலை செய்யாத நாளாகப் பார்த்து, மொத்த நிரலையும் ஒரே சீராக வாரித் தள்ள முடிவு செய்தான். அதற்கென்று இருக்கும் புரோகிராமை ஓடவிட்டான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஒவ்வொரு வரியின் ஓரத்து இடைவெளி மட்டும் மாறியது. அந்த அலுவலகத்தில் இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் உள்ளே போகாது. விடுமுறை நாளில் வேறு யார் இருக்கிறார்கள்? சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பிச்சுப் பிச்சுப் போடாத. ஒரே தடவையா போட்டுடு, ஹிஸ்டரி சுத்தமா இருக்கும்” என்று புத்திமதி வேறு சொல்லிவிட்டு, ஒரு விரலை மட்டும் துடைத்து ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.

ஹிஸ்டரி நன்றாகத்தான் சுத்தமானது. அன்றிலிருந்து அந்த நிரலின் எல்லா வரிகளிலும் கடைசியாகக் கை வைத்தவன் அவன். வெறும் இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. கிளிக்குள் அவள் முதலில் அதை வைத்தும் இருந்தாள். ஆனால் அது இருந்தால் கிளி மெதுவாக ஓடியது. “உன் கிளி தூங்குது” என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்ய, ரோஷத்தில் எப்போதோ அதை எடுத்துவிட்டிருந்தாள். தன் விரலே தன் கண்ணைக் குத்தும் என்பார்கள். இங்கே குத்தின விரலில் காய்கறி ஈரம்கூடக் காய்ந்திருக்கவில்லை.

பல மாதங்களுக்கு யாரும் கவனிக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அலாரம் என்றால் அவள் என்று தெரியும், நேராக அவள் மேசைக்கு வந்துவிடுவார்கள். டாக்குமென்ட்டை வாசிப்பது வெளியாள்தான்.

வெளியாள் வந்தார். கம்பெனியை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று சொல்ல ஓர் ஆலோசகர் அம்மாவை அனுப்பி வைத்தார்கள். மென்மையாகப் பேசுவார், எல்லோருக்கும் நன்றி சொல்வார், நிரல் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. அதனாலென்ன, எங்களுடைய டாக்குமென்ட்டைப் பாருங்கள், இப்படி எந்தக் கம்பெனியிலும் இருக்காது என்று மானேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளியை ஓடவிட்டு, பக்கங்களை அச்சடித்து, தைத்துக் கொடுத்தார். அந்த அம்மா பக்கத்தின் அடியில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வண்ண வண்ணமாக ஒரு படம் போட்டார். அந்தப் படத்தில் சீப்பு ஒரு தூண் மாதிரி நின்றான். அவள் பெயர் கிளியின் சொந்தப் பக்கங்களில் மட்டும் இருந்தது. கிளி தனி நிரல், சீப்பு அங்கே போகவில்லை.

மானேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“பாரும்மா, நீ நல்லா வேலை செய்யறவன்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு நான் எதைக் காட்டறது? டாக்குமென்ட்ல அந்தக் கிளியைத் தவிர எங்கயும் உன் பேரே இல்ல. போற லிஸ்ட்ல உன்னைப் போட்டிருக்காங்க.”

“டாக்குமென்ட் தப்பு சார். அந்த டூலை எழுதினவ நான். அது தப்பாச் சொல்லுது.”

“நீ எழுதினது தப்புன்னு நீயே சொன்னா எப்படிம்மா?”

அவள் விளக்கினாள். டேப், ஸ்பேஸ், ஓரத்து இடைவெளி. மானேஜர் நிரல் எழுதி யுகமாகிவிட்டது. தலையை ஆட்டின விதத்திலேயே ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. “சரி, சரிபண்ணிக் கொண்டா, அவங்ககிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

சரிசெய்ய ஒரு வரி போதும். எடுத்துப் போட்டதைத் திரும்ப வைத்தாள். கிளி நிதானமாக ஓடியது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமும் வருவதைப் பார்த்தாள். அலாரம் முழுக்க அவள் பெயர். வெப்பமானிகள் அவள் பெயர். பாதிக்கு மேல் அவள்தான். வெகுநாளைக்குப் பிறகு கண்ணாடியில் தன் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகுதான் புருஷன் பெயரைத் தேடினாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, முகப்புத் திரையில் ஒரு பக்கம், அறிக்கை அச்சிடும் இடத்தில் இரண்டொரு பக்கம். அதை அவள் யோசித்திருக்கவே இல்லை. இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் அவள் பெயர் இருக்கிற லிஸ்டில் அவன் பெயர் வரும். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனாள். பொய்யில் உட்கார்ந்திருப்பவனுக்கு இடம் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை, புருஷனாகவே இருந்தாலும்.

ஆலோசகர் அம்மா இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நேத்து உங்க பேர் இந்த டூலைத் தவிர எங்கயும் இல்ல. இன்னிக்கு உங்க டூலை நீங்களே திருத்தின பிறகு பாதிக்கு மேல உங்க பேர். நீங்க என் இடத்துல இருந்தா எப்படி எடுத்துப்பீங்க?”

நியாயமான கேள்வி. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “ஹிஸ்டரில எல்லாம் இருக்கு மேடம், திறந்து காட்டறேன்.”

“எனக்கு அதைப் படிக்கத் தெரியாதே. பழைய அச்சுல பேர் இருக்கிற இவர் உங்க வீட்டுக்காரர்தானே? அவர் வந்து ஆமான்னு சொல்லட்டும். பேர் போறவரே சொன்னா நான் நம்பிக்கறேன்.”

வேறு யாரையாவது சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று பக்கத்து இருக்கையில் மென்பொருளைச் சோதனை பார்க்கிறவளிடம் கேட்டாள். “புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு?” என்று அவள் திரும்பிக்கொண்டாள். எல்லோருக்கும் தத்தம் தலை மேல் கத்தி.

அன்று சாயங்காலம் வீட்டில் சீப்பு துணி மடித்துக்கொண்டிருந்தான். துணி மடிப்பதிலும் அவன் ஓரத்துக்கு ஓரம் பார்ப்பான். கூடத்தில் மாமியார் டிவி முன்னால் இருந்தார். அவர் காதுபட அவனை ‘நீங்க’ என்பாள், தனியாக இருந்தால் ‘நீ’. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவன் காகிதத்தைப் புரட்டினான்.

“என் பேர் மூணு நாலு பக்கத்துலதான் வருது போல.”

“ஆமா.”

“சொல்றேன். சொல்லாம எங்க போவேன்? ஸ்பேஸ் மட்டும்தான் மாத்தினேன்னு சொல்லணும், அதானே?”

“அதான். உனக்கு வேற இடத்துல கிடைக்கும். நானும் கூட உக்காந்து தேடறேன்.”

“ம்” என்று சொல்லிவிட்டு, மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தான். அந்த ‘ம்’மை அவள் நம்பினாள். கல்யாணம் ஆனவர்கள் அரை வார்த்தையில் பேசிக்கொள்வார்கள் என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்தப் பெருமை அவளுக்கும் இருந்தது.

மறுநாள் கண்ணாடி அறையில் ஆலோசகர் அம்மா நேரடியாகவே கேட்டார். இந்தப் பக்கங்களெல்லாம் யார் வேலை?

சீப்பு அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பினான். “மேடம், நாங்க ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. பேசிப் பேசித்தான் எல்லாத்தையும் செஞ்சோம். இது அவளோடது, இது என்னோடதுன்னு கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னா எனக்கு மனசு கேக்கல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம்.”

மானேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலோசகர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, இப்படி விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆம்பளையைப் பார்ப்பது அபூர்வம் என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது பழைய கதை. இவன் பெண்டாட்டி வீட்டு நெய்யை எடுத்து அவளுக்கே பாதி பரிமாறினான், அறையே கை தட்டாத குறை.

“ஸ்பேஸை மாத்தினது யாரு? அதை மட்டும் சொல்லு” என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது.

“இப்ப அதுவா முக்கியம்?” என்றான் அவன், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

கத்துகிறவளையும் சிரிக்கிறவனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரை நம்பத் தோன்றும்? மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மானேஜர்தான் வந்து சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல். “ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்னா ஒருத்தர் இருந்தாப் போதும்னு நெனைக்கிறாங்கம்மா. அவருக்கு ஏதாவது சந்தேகம்னா வீட்டுலயே உன்கிட்ட கேட்டுக்கலாமே.”

சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். இறங்குகிற இடம் நெருங்கும்போது அவன்தான் வாயைத் திறந்தான்.

“நீ கெட்டிக்காரி. உனக்கு நாளைக்கே வேலை கிடைக்கும். என்னை யாரு எடுப்பா?”

இந்த விவகாரம் முழுவதிலும் அவன் பேசின முதல் உண்மை அதுதான். அதனாலேயே அவளுக்கு அவன்மேல் கோபப்படக்கூட முடியாமல் போயிற்று. கையாலாகாதவனுக்கு உலகம் இரங்கும், கெட்டிக்காரி தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள். நல்ல நீதி.

நாளைக்கே கிடைக்கவில்லை. ஒரு நல்ல இடத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இரண்டு பேர். என்ன செய்திருக்கிறீர்கள் என்றதும் அலாரத்தைப் பற்றிச் சொன்னாள். கிடங்குக்குள் நின்றதையும், கதவுகளையும், காவல்காரர்களையும் சொல்லும்போது இருவரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர்களுக்காக அந்த டாக்குமென்ட் இணையத்தில் இருந்தது. அவள் சரிசெய்த கிளி இல்லை, பழைய, வேகமான கிளி போட்டது. ஒருவர் அதைத் திறந்து அடிவரைக்கும் போனார்.

“இதுல வேற பேர் இருக்கே?”

“என் வீட்டுக்காரர்.”

“ஓ. அவருக்கு உதவியா இருந்தீங்களா?”

அவள் டேப்பையும் ஸ்பேஸையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவள் காதுக்கே தெரிந்தது. புருஷன் வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்ள வந்த பெண். தெரியப்படுத்துகிறோம் என்றார்கள். தெரியப்படுத்தவில்லை.

“விடும்மா, வீட்டுல ஒருத்தர் சம்பாதிச்சா போதாதா? கொஞ்ச நாள் நிம்மதியா இரு” என்றார் மாமியார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

சீப்பு முதலில் சின்னச் சின்னதாகத்தான் கேட்டான். இந்த இடத்துல என்ன நெனச்சு எழுதின, இதை எடுத்தா ஏதாவது உடையுமா என்று. அவளும் மடச்சி மாதிரி பதில் சொன்னாள், சில வரிகளை மாற்றிச் சொல்லியும் கொடுத்தாள். தன் வேலையைப் பற்றிப் பேச அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் பாத்திரம் கழுவும்போதுதான் சுரீரென்று உறைத்தது. இதுவரைக்கும் அவன் பெயர் நின்றது வெறும் இடைவெளியின்மேல். எவராவது ஒருநாள் நிதானமான கிளியை ஓடவிட்டால் அந்தப் பொய் ஊதினால் பறந்துவிடும். இப்போது அவள் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான். எழுத்தே மாறுகிறது. இனி எந்தக் கிளியைக் கேட்டாலும் அவன் பெயரைத்தான் சொல்லும், அதுவும் நியாயமாகவே சொல்லும். அன்றோடு பதில் சொல்வதை நிறுத்தினாள்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் கிடங்குகளில் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் கெடவில்லை, யாராவது கதவைத் திறந்தாலே அடித்தது. அடுத்த நாளைக்குள் சரியாகாவிட்டால் மென்பொருளையே தூக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார்களாம். படுக்கையறையில் லேப்டாப்பும் கையுமாக இருந்த சீப்பு அவளைக் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது.

“கொஞ்சம் வந்து பாரேன்.”

அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவள் எழுதினபோது முதலில் கதவைப் பார்க்கும், பிறகுதான் வெப்பத்தைப் பார்க்கும். சீப்பு பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வரிகளை நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கி வைத்திருந்தான். கதவு பின்னால் போய்விட்டது. இரண்டு வரியை இடம் மாற்றினால் மணி நின்றுவிடும்.

“தெரியல” என்றாள்.

“உனக்கா தெரியாது?”

“தெரியல.”

கூடத்துக்கு வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் என்ன ஓடியது என்று அவள் மனதில் பதியவில்லை. எங்கேயோ ஒரு காவல்காரர் நாற்காலியைப் போட்டு ஏறி மணியைப் பிடுங்கப்போகிறார் என்பது மட்டும்தான் கண்முன்னால் நின்றது. பெயர் யாருடையதாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், மணி அவளுடையது. அது இப்படி ஊர் சிரிக்கக் கத்துவதை அவளால் தாங்க முடியவில்லை. அவனும்தான் பாவம், பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். பயத்தில் ஒரு முறை தப்பாகப் பேசிவிட்டான். ஆயுள் முழுக்கவா அதைச் சுமப்பது? எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவின் பிடியில் கை வைத்தாள்.

உள்ளே அவன் போனில் மானேஜரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“ஆமா சார்... பாத்துக்கிட்டே இருக்கேன் சார்... அவகிட்டயா? கேட்டேன் சார், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. பரவால்ல சார், நான் எழுதினதுதானே, நானே கண்டுபிடிச்சிடுவேன்.”

பிடியிலிருந்து கையை எடுத்தாள். சமையலறைக்குப் போய் இரண்டு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

“அவன் சாப்பிட வரலையாம்மா?” என்று மாமியார் கேட்டார்.

“இல்ல அத்தை. அவர் எழுதினதாம். எங்க எழுதினார்னு தேடிக்கிட்டிருக்கார். நாம சாப்பிடலாம், வாங்க.”